முத்துமாலையின் நூல்

தவழ்கிற குழந்தைக்கு மாறுவேடப் போட்டியில் கண்ணன் வேடம். அம்மா பெட்டியிலிருந்து பழைய முத்துமாலையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"இன்னிக்கு எல்லார் கண்ணும் நம்ம மேலதான்" என்று முத்துகள் குலுங்கின.

உள்ளே ஓடிய நூல் சொன்னது: "நான் இத்துப்போயிருக்கேன். பிள்ளை ஒரு இழு இழுத்தா போதும். அவன் கையில எது கிடைச்சாலும் வாய்க்குத்தான் போகுது. காலையில எறும்பைக்கூட விடலை."

"கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சிட்டுத் தாங்கேன். பரிசு போயிடுமே!"

"மாட்டேன். அறுந்துதான் ஆகணும்னா அம்மா கண்ணு முன்னாலயே அறுந்துடறேன்."

அம்மா மாலையைத் தூக்கினாள். கழுத்துக்குப் போகுமுன் நூல் தன்னைத்தானே அறுத்துக்கொண்டது. முத்துகள் உருண்டோடின. குழந்தை பாய்ந்து ஒன்றை வாயில் போட்டது. அம்மா பதறிப்போய் விரலை விட்டு அதை எடுத்தாள். மற்ற முத்துகளை நூலோடு சேர்த்துக் கூட்டிக் குப்பைக்கூடையில் கொட்டினாள். மெத்தென்ற மஞ்சள் துணியை மட்டும் இடுப்பில் கட்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வாசல் கதவு திறந்தது. அம்மா யாரிடமோ பேசுவது குப்பைக்கூடைக்குள் கேட்டது.

"பரிசு கிடைக்கலையாம். எல்லாம் உன்னாலதான், பாவி!" என்று முத்துகள் பொருமின.

"பிள்ளை வந்துட்டானா?" என்றது நூல்.