ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஸ்கோர்

“ஏம்ப்பா லாய்ட், ஸ்கோரைச் சொல்லித் தொலையேன்! இங்க உசுரு போகுது!” பஸ்ஸின் கடைசி வரிசையிலிருந்து கத்தினார் டெல்மர்.

டிரைவர் லாய்ட் கண்ணாடியில் முதல் சீட்டை ஒரு பார்வை பார்த்தான். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

உள்ளூர் சாஸ்கட்டூனுக்கும் எதிரி ஊர் ரெஜைனாவுக்கும் ஐஸ் ஹாக்கியில் ஏழாவது, கடைசி ஆட்டம். ஜெயிக்கிற ஊருக்குக் கோப்பை. டிக்கெட் கிடைத்தவன் அரங்கில், கிடைக்காதவன் ரேடியோ முன்னால், பாவப்பட்டவன் ஏழாம் நம்பர் பஸ்ஸில். அந்தப் பாவப்பட்டவர்களுக்காகத்தான், ஏறுகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு, நிறுத்தத்தின் பெயரோடு ஸ்கோரையும் மைக்கில் சொல்லிவந்தான் லாய்ட். ஒருநாள் இரண்டு நாளா, ஆறு வருஷம்!

போன வாரம் பேப்பரில், வாசகர் கடிதம் பகுதியில் வந்தது வினை. ‘ஏழாம் நம்பர் பஸ்ஸில் டிரைவர் ஹாக்கி ஸ்கோர் சொல்வதை உடனே நிறுத்த வேண்டும்.’ கீழே, ‘இசை ரசிகை’ என்று மட்டும்.

மறுநாளே மேலதிகாரி கூப்பிட்டார். “இன்னொரு தடவை நீ மைக்ல ஸ்கோர் சொன்னேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் பஸ் ஓட்ட மாட்டே, கழுவுவே.”

அந்த ரசிகை யார் என்பதில் லாய்டுக்குச் சந்தேகமே இல்லை. இதோ முதல் சீட்டில் கச்சேரி டிக்கெட்டோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, வேரா பாய்ச்சக். அவளேதான்.

“மைக்குல சொன்னா என் வேலை போயிடும், டெல்மர். பேப்பர் பாக்கலையா?” என்றான், அவள் காதில் விழட்டும் என்று.

வேரா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நன்றாக உறைக்கட்டும்!

பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரே ஒருவன் ஏறினான். கழுத்தில் ரெஜைனா அணியின் துண்டு. முகம் செத்துக் கிடந்தது.

“ஸ்கோர் என்னப்பா?” லாய்ட் கிசுகிசுத்தான்.

“முடிஞ்சுபோச்சு. அஞ்சுக்கு நாலு. உங்க ஊருதான்… கடைசி நிமிஷத்துல” என்று முனகிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

கோப்பை! பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு! லாய்டின் கை தானாக மைக்குக்குப் போனது. பஸ் கழுவும் குழாய் நினைவுக்கு வர, திரும்பி வந்தது.

படக்கென்று எழுந்தாள் வேரா. மைக்கைப் பிடுங்கினாள்.

“அஞ்சுக்கு நாலு! கோப்பை நமக்குத்தான்டா!”

பஸ்ஸே குலுங்கியது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டெல்மர் ஓடிவந்து ரெஜைனாக்காரனின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தார்.

“டிரைவருக்குத்தானே தடை? பயணிக்கு இல்லையே!” என்று சிரித்தாள் வேரா.

லாய்டுக்குக் கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சுடுங்கம்மா. அந்தக் கடிதத்த எழுதினது நீங்கதான்னு தப்பா நெனச்சுட்டேன்.”

“நான்தான் எழுதினேன்.”

லாய்ட் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தான்.

“நீங்க ஸ்கோர் சொல்றதாலதான் ரேடியோவ விட்டுட்டு நான் கச்சேரிக்கே கிளம்பறேன். பேப்பர்காரங்க பண்ணின வேலைக்கு ஒரு வாரமா கொதிச்சுக்கிட்டிருக்கேன். அது உங்க வேலைக்கே உலை வெச்சது இப்பத்தான் தெரியுது. நாளைக்குக் காலைல உங்க அதிகாரி மேசையில இது இருக்கும்” என்றபடி கைப்பையிலிருந்து கடிதத்தின் கார்பன் நகலை எடுத்து நீட்டினாள். “இடம் பத்தலையாம். கடைசி வரியில பாதிய வெட்டிட்டாங்க!”

லாய்ட் படித்தான்: ‘…ஸ்கோர் சொல்வதை உடனே நிறுத்த வேண்டும் என்று முணுமுணுக்கிறவர்கள், தயவுசெய்து இறங்கி நடந்து போகட்டும்!’