அடிமைக்கொட்டத்தின் புதுப்பெயர்

பச்சைத் துணியை இழுத்ததும் பெயர்ப்பலகை தெரிந்தது. மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

கோட்டைச்சாமி நகர்.

ஊர் முழுவதும் கைதட்டியது.

யுவராணியின் கை மட்டும் எழவில்லை. அவள் தோளில் அப்போதுதான் பொன்னாடை போட்டிருந்தார்கள். இந்தப் பலகைக்காக ஆறு வருடம் அலைந்தவள் அவள்தான்.

கம்பத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். திராட்சைப் பந்தல்களுக்குப் பின்னால் எழுபது வீடுகள். இதுநாள்வரை அரசாங்கப் பதிவில் அந்த ஊரின் பெயர் அடிமைக்கொட்டம். மாடு கட்டுகிற இடத்தைத்தான் இந்தப் பக்கம் கொட்டம் என்பார்கள்.

ரேஷன் கார்டில் அடிமைக்கொட்டம். ஆதாரில் அடிமைக்கொட்டம். மகள் கயலை மதுரையில் ஆறாம் வகுப்பு சேர்க்கப் போன அன்று, விண்ணப்பத்தை உரக்க வாசித்துக்கொண்டு வந்த பள்ளி எழுத்தர் முகவரி வந்ததும் நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு கயல் யாரிடமும் ஊரின் பெயரைச் சொன்னதில்லை. கேட்டால் கம்பம் என்பாள்.

யுவராணி அந்த வாரமே முதல் மனுவை எழுதினாள். திராட்சைத் தோட்டத்தில் கொடி கழிக்கும் கவாத்து வேலையை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று கொடுத்தாள். அது தொலைந்துபோனது. இரண்டாவது மனு வேறு தாலுகாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவதை வாங்கியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“எத்தனை தலைமுறைக்கு முந்துன கதைம்மா. இப்பப் போயி எதுக்குக் கோவப்படுறீக?”

“இந்த ஆதார் போன மாசம் வந்தது சார்,” என்றாள் யுவராணி.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முத்திரை குத்தி உள்ளே வைத்தார். அது நகர மேலும் மூன்று வருடம் ஆனது.

இன்றைக்குப் பலகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ராமுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள். தினமும் ஜீப்பில் மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள்.

“இனி ஜீப்புல எவனும் கொட்டத்து ஆளுன்னு கூப்புட முடியாதுல்ல ஆத்தா.” பிறகு பலகையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “ஆமா, கோட்டைச்சாமின்னா யாரு? சாமியா? இல்ல, சொதந்திரத்துக்குப் போராடுனவுகளா?”

யுவராணிக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் ராமுத்தாயின் முகம் என்னவாகும் என்பதும் தெரிந்ததால், கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

வருவாய் ஆய்வாளர் விஜயகுமார் பந்தலுக்குள் கலர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், நாங்க முல்லை நகர்னுதான எழுதிக் குடுத்தோம்?”

“அது இந்த ஒன்றியத்துலயே ரெண்டு இருக்கும்மா. ஊரோட சம்பந்தப்பட்ட பழைய ஆள் பேரா இருந்தா நல்லதுன்னு மேல சொன்னாக. எங்க போயித் தேடுறது? கடைசியில உங்க மனுவுலயே இருந்துச்சு. ஒரு பழைய நகலைப் பின்னால சேத்திருந்தீகள்ல, அதுல இருந்து எடுத்ததுதான்.”

நல்லது செய்துவிட்ட நிறைவோடு சொன்னார்.

ஊருக்கு அடிமைக்கொட்டம் என்ற பெயர் எப்படி வந்தது என்று ஆபீஸில் ஆதாரம் கேட்டிருந்தார்கள். மதுரையில் ஒரு பேராசிரியரைப் பிடித்து, நான்கு முறை பஸ் ஏறிப் போய், ஒரு பழைய ஓலையை அவரைப் படிக்கவைத்து எழுதி வாங்கி அவள்தான் இணைத்தாள். பல தலைமுறைக்கு முந்தைய ஒரு விகாரி வருடத்தில் எழுதிய விலைச் சாசனம்.

“அந்தக் கோட்டைச்சாமிதான் சார் எங்காளுகள வெலைக்கு வாங்குனவரு. நெலத்தோட சேத்து வாங்குனாரு. வாங்கி, இங்கனதான் அடைச்சு வச்சிருந்தாரு.”

விஜயகுமார் பாட்டிலைக் கீழே வைத்தார். வெளியே பலகைக்குக் கீழே ஊர் கூடி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. யாரோ யுவராணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நடுவில் நிற்க வேண்டுமாம்.

“நான் நகல முழுசா வாசிக்கலம்மா,” என்றார் அவர். “மேல ஒரு பேரு இருந்துச்சு. மரியாதையா எழுதியிருந்துச்சு. பெரிய மனுசன்னு நெனச்சேன்.”

அவள் ஆறு வருடக் கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேடினாள். எதிரே இருந்தவர் அதற்குத் தோதான ஆளாக இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் பையிலிருந்து டைரியை எடுத்தார்.

“கெஜட்டுல வந்துருச்சு. ஆனாலும் திருத்தம் போடலாம். நான் எழுதுறேன். அந்தச் சாசனத்துல உங்க ஆளுக பேரும் இருக்கும்ல? அதுல ஒண்ணு சொல்லுங்க. அதையே வச்சிருவோம்.”

டைரியை விரித்து, பேனா மூடியைக் கழற்றிக் காத்திருந்தார்.

அந்தக் காகிதம் அவளுக்கு மனப்பாடம். நஞ்சை எட்டுக் குறுக்கம். கிணறு ஒன்று. புளியமரம் பதினான்கு. காளை நான்கு. அவற்றின் பெயர்களும் வரிசையாக இருந்தன: மயிலை, செவலை, காரி, கொம்பன்.

அதற்கு அடுத்த வரி: ஆண் ஒன்பது, பெண் ஏழு, கைப்பிள்ளை ஒன்று.

“சொல்லுங்கம்மா.”

“பேரு எழுதல சார்,” என்றாள்.