நிறுத்தினால் ஒரு பிஸ்கட்

அன்று காலை அந்த வீட்டு வாசலில் இருந்தவர்கள்: செவலை என்கிற நாய், வெள்ளச்சி என்கிற பூனை, மதில்மேல் ஒரு காகம், மடியில் பிஸ்கட் டப்பாவோடு நாற்காலியில் எஜமான். டப்பாவில் பிஸ்கட் ஆறு.

தெருவில் யார் போனாலும் செவலை குரைக்கும். "பேசாம இரு!" என்பார் எஜமான். அது வாயை மூடியதும் "நல்ல பிள்ளை" என்று ஒரு பிஸ்கட் போடுவார். குரைத்துக் குரைத்து அதன் தொண்டை புண்ணாகிவிட்டது.

"ஏண்ணே, பால்காரம்மா நமக்குத் தெரியாதவங்களா? அவங்களைப் பார்த்து எதுக்கு தினமும் இப்படிக் கத்துறே?" என்றது வெள்ளச்சி.

"குரைச்சாத்தானே தாயி நிறுத்த முடியும்? நிறுத்தினாத்தானே பிஸ்கட்?"

"இன்னிக்கு ஒருநாள் சும்மாவே இருந்து பாரேன்."

தொண்டை கெஞ்சியதால் செவலையும் இருந்து பார்த்தது. பால்காரம்மா போனாள். தபால்காரர் போனார். செவலை மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தது. எஜமான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வெயில் ஏறியது, வயிறு கிள்ளியது. கடைசியில் அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போக எழுந்தார்.

தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. செவலை மிச்சமிருந்த குரலைத் திரட்டி, அந்தக் காகத்தைப் பார்த்துக் குரைத்தது. காகம் பதறிப் பறந்தது.

"பேசாம இரு!" என்றார் எஜமான். செவலை நிறுத்தியது.

"நல்ல பிள்ளை."

பிஸ்கட் விழுந்தது. விழுங்கத்தான் தொண்டை இடம் தரவில்லை.

"எனக்கும் ஒரு துண்டு கிடைக்குமாண்ணே?" என்றது வெள்ளச்சி.

"நீ எதை நிறுத்தினே தாயி?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது செவலை.

அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் சத்தமே போடாத வெள்ளச்சி, மெல்ல மதில்மேல் ஏறித் தொண்டையைச் செருமியது.

டப்பாவில் மீதி ஐந்து.