ஷேர் ஆட்டோவில் ஒரு தமிழ்க் குரல்

ஓடுகிற ஷேர் ஆட்டோவிலிருந்து குதிக்கப்போன வர்ஷினியை, கூட வேலை பார்க்கும் பானு துப்பட்டாவோடு பிடித்து இழுக்கிறாள். வேறொன்றுமில்லை, முன் சீட்டு அம்மாள் போனில் திருநெல்வேலித் தமிழில் கலகலவென்று சிரித்துவிட்டாள். அதற்கே வர்ஷினியின் கைகள் வெடவெடக்கின்றன. மங்கையர்க்கரசியின் சிரிப்பும் அப்படித்தான். "நம்ம ஊருப் புள்ள" என்று மாத்திரைக் கம்பெனியில் தனக்குக் கீழே சேர்த்துக்கொண்டவள், தெலுங்குக்காரர்கள் நடுவே தேனொழுகச் சிரித்தபடியே, "ஏட்டி மூதி, உன்னப் பெத்ததுக்கு உங்கம்மா ஒரு எருமய வளத்திருக்கலாம்" என்று தினமும் தமிழில் குத்தியவள். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்தார்கள். வர்ஷினி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனாலும் போன மாதம் யாரோ மேலிடத்தில் சொல்ல, மங்கையர்க்கரசியின் சீட்டு கிழிந்தது.

பட்டான்செரு தொழிற்பேட்டையின் மாலை வெயில் ஆட்டோக் கம்பியில் மஞ்சளாக வழிகிறது. காற்றில் கெமிக்கல் நெடி. பானு துப்பட்டாவை இன்னும் விடவில்லை.

"சொன்ன புண்ணியவான் யாரோ, பார்த்தா கால்ல விழுந்துடுவேன்" என்கிறாள் வர்ஷினி, தட்டுத்தடுமாறிய தெலுங்கில்.

பானு வெளியே பார்க்கிறாள். தெலுங்கைத் தவிர வேறெதுவும் பேசாத அந்த வாயிலிருந்து மெல்லத் தமிழ் வருகிறது.

"கால்ல எல்லாம் விழ வேணாம், வர்ஷினி. எங்கப்பா பொழப்புக்கு இங்க வந்தவரு, லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப். வீட்ல தமிழ்தான். தமிழ் கேட்டாலே நீ நடுங்குறேன்னு இத்தன நாள் பேசல."

இந்தத் தமிழுக்கு வர்ஷினியின் கை நடுங்கவில்லை. பானுவின் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

"அவ சொன்னது ஒண்ணொண்ணும் எனக்குப் புரிஞ்சுதுப்பா. கம்ப்ளைன்ட் குடுத்தது நான்தான்."