இருநூத்தி நாற்பது கிலோமீட்டர்

"பிரேக்கை மிதிச்சா மிதி தரையோட தரையா போகுது. வண்டி நிக்க மாட்டேங்குது. இதை நான் மூணாவது தடவையா சொல்றேன்!"

நர்ஸம்மா போட்ட சத்தத்தில் சர்வீஸ் சென்டரே திரும்பிப் பார்த்தது.

மேனேஜருக்கு மட்டும் சிரித்த முகம் மாறவில்லை. "போன ரெண்டு தடவையும் செக் பண்ணிட்டோம் மேடம். எல்லாம் நார்மல். புது வண்டி இல்லையா, பழகப் பழகச் சரியாயிடும். கொஞ்சம் அழுத்தி மிதிச்சுப் பாருங்க."

"பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். எனக்கு மிதிக்கச் சொல்லித் தர்றீங்களா?"

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத கார். காலை டியூட்டிக்கு ஐந்தரை மணிக்குக் கிளம்பும்போதுதான் இந்தக் கூத்து. அதுவும் தினமும் இல்லை, நினைத்துக்கொண்டாற்போல என்றைக்காவது. போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கே வந்த ஒரு பெரியவர் மயிரிழையில் தப்பினார். கைபிரேக்கை இழுத்துத்தான் வண்டியை நிறுத்தினாள்.

வீட்டிலாவது ஆறுதல் உண்டா? "ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் ஓட்டும்போது ஒழுங்காத்தானே நிக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

"சரி, வண்டியை விட்டுட்டுப் போங்க. பார்க்கிறோம்," என்று மேனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

ஐம்பது வயசு ஆள். போன இரண்டு தடவையும் இதே ஆள்தான். எதைச் சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார், பதில் பேச மாட்டார். ஊமைக்கோட்டான் என்று மனசுக்குள் பேர் வைத்திருந்தாள்.

இந்தத் தடவை ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தது. "காலையில மட்டுமாம்மா?"

"ஆமா."

அவ்வளவுதான். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாளைக்கு, நாளன்னிக்கு என்று இழுத்தடித்து, பத்தாவது நாள் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. வண்டி ரெடி.

பஸ் மாறிப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். காரில் ஏறி உட்கார்ந்தவளின் கண் கிலோமீட்டர் காட்டும் இடத்தில் நின்றது.

"நான் விட்டப்ப இருந்ததைவிட இருநூத்தி நாற்பது கிலோமீட்டர் அதிகமா காட்டுதே! வண்டி தானா நடந்து போச்சா?"

மேனேஜர் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்துட்டுப் போனேன்," என்றார் மெக்கானிக். "அம்மா, காலையில..."

"காலையில என்ன காலையில? ஊரான் வீட்டு வண்டின்னா ஊர் சுத்தக் கசக்குமா? சாவியைக் குடுங்க!"

"இன்னைக்கு ஓட்ட முடியாதும்மா. பிரேக்கைக் கழற்றி வெச்சிருக்கேன். இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்."

"ரெடியான வண்டியை யாருய்யா கழற்றச் சொன்னது?" மேனேஜர் எரிந்து விழுந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் ஊர் சுத்தணுமா?" அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே காகிதம் கேட்டு வாங்கி இரண்டு பக்கம் புகார் எழுதினாள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிப் பக்கம் போனார்.

அடுத்த நாலாம் நாள் போன் வந்தது. கோளாறு உண்டென்று கார் கம்பெனியே ஒத்துக்கொண்டதாம். பிரேக் சிலிண்டரையே புதுசாக மாற்றிவிட்டார்களாம். வாரன்டிதான், செலவில்லை.

"பார்த்தீங்களா? கத்தினாத்தான் காரியம் நடக்குது," என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மேனேஜர் கையெழுத்துக்காக நீட்டிய காகிதங்களுக்கு நடுவே, கோணல் எழுத்தில் ஒரு தாள் இருந்தது.

'காலை 5.30. இரவு முழுக்க நின்று ஆறிய வண்டி. பாலத்து இறக்கம். பிரேக் பிடித்தது.' மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. இப்படி ஒன்பது காலை. பத்தாவது காலை: 'மிதி தரை வரை போனது. கைபிரேக் போட்டு நிறுத்தினேன். வீடியோ அனுப்பியுள்ளேன். இந்த வண்டியை வெளியே விட முடியாது.'

கீழே இன்னும் ஒரு வரி.

'ஓட்டுபவர் மேல் தவறு இல்லை. மூன்று முறையும் அந்த அம்மா சொன்னது உண்மை.'

இரண்டு மாதத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வார்த்தை.

"இதை எழுதினது யாரு?"

"அவன்தான் மேடம். என்னைக் கேட்காம நேரா கம்பெனிக்கே அனுப்பியிருக்கான். கவலைப்படாதீங்க. உங்க புகாரை வெச்சு அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பியாச்சு. திருப்திதானே?"

அவள் அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள். சொல்லத்தான் வந்தார். எங்கே சொல்ல விட்டாள்?

சாவியை மேஜையிலேயே தள்ளி வைத்தாள்.

"புகாரைத் திருப்பி வாங்கிக்கறேன்னு எழுதித் தர்றேன். அவர் வேலைக்குத் திரும்பி வர்ற வரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும். உங்க வாசல்ல, குறுக்கால."

மேனேஜரின் சிரிப்பு முதல் தடவையாகக் காணாமல் போனது.

"இப்ப அவர் நம்பரைக் குடுங்க."

மணி ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தார்.

"ஐயா... நான் அந்தப் பிரேக் பிடிக்காத கார்க்காரி. உங்களுக்கு நான் பண்ணின..."

அவர் முடிக்க விடவில்லை.

"சிலிண்டரை மாத்திட்டாங்களாம்மா? எதுக்கும் நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, நின்ன இடத்திலேயே ஒரு தடவை மிதிச்சுப் பார்த்துட்டுக் கிளம்புங்க."