தோளில் ஏறும் சைக்கிள்

நிருஷா சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் இரண்டாவது தடவையும் நடந்தாள். ஓட்டிப் பார்க்காமல் தூக்கிப் பார்க்கிற ஆளைக் கடைக்கார விஜிதரன் கண்டதில்லை.

"மிசி, சைக்கிள் உங்களக் கொண்டு போகணுமா, நீங்க சைக்கிளையா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படுவான்கரையில் ஒரு கிராமத்துக்கு அவள்தான் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது, ஊராருக்கு மிசி. போன மாரியில் மதகு உடைந்து பாதை வெள்ளத்தில் அறுந்து, ஸ்கூட்டியை இந்தப் பக்கம் விட்டுவிட்டு ஒரு பிரசவத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது தாய் மட்டும்தான் உயிரோடு இருந்தாள். பிள்ளை இல்லை.

"இது சைக்ளோகுரொஸ். பாரமில்ல, சேத்துக்குள்ள தூக்கிட்டு ஓடத்தான் செஞ்சது. ஆனா ஒவ்வொரு நாளும் ஓடினா இடுப்பு கழண்டுரும். மற்றது கிரவல் சைக்கிள். அகலமான டயர், மருந்துப் பெட்டியும் கட்டலாம். ரோட்டு மட்டும் இருக்கணும்."

"ரோட்டு போடுறாங்கதானே. உடைஞ்ச மதகடியில லொறியில கல்லுக் கொண்டுவந்து பறிச்சிட்டாங்க."

ஒன்றுதான் வாங்க முடியும். சரியாகத்தான் யோசிக்கிறேனா என்று இன்னொரு தடவை யோசித்துவிட்டு, நிருஷா கிரவல் சைக்கிளில் கை வைத்தாள்.

"அத வைங்க புள்ள. தூக்குறதையே எடுங்க."

தன் மகளின் சைக்கிளைப் பஞ்சர் ஒட்டக் கொண்டுவந்து, வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பெரியவர்தான் சொன்னார். வந்ததிலிருந்து அவர் கண் கிரவல் சைக்கிளில்தான் இருந்தது.

"ஏன், இது உங்களுக்கு வேணுமாக்கும்?" என்றாள் நிருஷா.

"எனக்கா? இந்த வயித்த வச்சிக்கிட்டா?" அவர் தொந்தியைத் தட்டினார். "அந்த உடைஞ்ச மதகடியில மாரிக்கு இடுப்பளவு தண்ணி நிக்கும். பெட்டி கட்டின சைக்கிளத் தூக்க ஏலா."

"மாரிக்கு முதல் மதகு கட்டிருவாங்க ஐயா."

"கட்டமாட்டாங்க."

"நீங்க என்ன, சாத்திரம் பாக்கிற ஆளா?" என்று விஜிதரன் சிரித்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை.

"பறிச்ச கல்லு அப்படியே கிடக்கு ஐயா. நான் போகக்குள்ள வரக்குள்ள பாக்கிறன்." நிருஷாவின் குரல் இறங்கியது. கை மட்டும் கிரவல் சைக்கிளை விடவில்லை.

"நாளைக்கு அதையும் வேற ரோட்டுக்கு அள்ளிருவாங்க."

"ஆரு அள்ளுற?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"நான்தான், புள்ள. அந்த ரோட்டுப் போடுற கொந்தராத்து என்ட கையிலதான்."