கைபடாத அரிசி

மயிலாப்பூர் கோமளத்துக்கு மடிதான் உயிர். யார் யாரோ கைவைத்து அளைந்ததை எப்படி வாயில் வைப்பது என்று அவளுக்குக் குமட்டும். அதனால்தான் அந்த அரிசியை போன் ஆப்பில் வரவழைத்தாள். நட்டது இயந்திரம், மருந்து அடித்தது ட்ரோன், அறுத்ததும் பையில் அடைத்ததும் இயந்திரம். 'மனிதக் கை படாதது' என்று பையின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

முதல் பையைப் பிரித்து அரிசி களைந்தபோது அடியில் ஒரு நகம் கிடந்தது. சேறேறிக் கறுத்துப்போன, உடைந்த விரல் நகம்.

"ஏன்னா, இந்தக் கண்றாவியப் பாருங்கோளேன்!" என்று அலறினாள். கணவர் அனந்தராமன் எட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சாதமே வேண்டாம் என்று எழுந்து போனார்.

பை மாற்றி அனுப்பினார்கள். அதிலும் நகம். அதற்கடுத்த பையில் ஒரு கைப்பிடி நகம்.

"சான்ஸே இல்ல மேடம்," என்றான் கம்பெனிக்காரன் போனில். "மெஷின் வந்ததுமே நடவுப் பொம்பளைங்க அத்தினி பேரையும் நிறுத்திட்டோம். வயல்ல ஆளே கெடையாது."

"நேர்ல வந்து பாருங்கோ. எல்லாத்தையும் ஆத்துல எடுத்து வெச்சிண்டிருக்கேன்."

சாட்சிக்காக அந்த நகங்களை ஒரு சம்படத்தில், அதே அரிசியின் மேல் போட்டு இறுக மூடியிருந்தாள். மறுநாள் காலை அவன் வந்து நின்றான். கோமளம் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

அரிசி சேறாகக் குழைந்திருந்தது. அதில் நகங்கள் இடைவெளி பிசகாமல், வரிசை வரிசையாக நடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் நேற்றைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தது.